மேடையும் மனமும்

நுழையும்முன்

பல நாள் பயின்ற பாடல், மேடையேறும் நொடியில் நினைவைவிட்டு நழுவுவதுண்டு. தனியறையில் தடையின்றி ஓடிய விரல்கள், அவையோர் முன்னிலையில் நடுங்குவதும் உண்டு. இசைக்கலைஞரின் திறனை வளர்ப்பது, குறையைக் கண்டறியும் அவருடைய செவி. அதே செவி அளவு கடந்தால் அவரைப் பாடவிடாமல் தடுக்கவும் வல்லது. உலகம் போற்றிய இசைக்கலைஞர் இருவரின் வாழ்க்கை வழியே, மேடையச்சத்தின் இயல்பையும் அதனைக் கடந்து இசைக்கும் வழிகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திரைக்குப் பின்னால்

அரங்கில் விளக்குகள் ஒளிர்கின்றன. அவையோர் அமர்ந்துவிட்டனர். திரைக்குப் பின்னால் நிற்கும் கலைஞரின் உள்ளங்கை வியர்க்கிறது, விரல்நுனி சில்லிடுகிறது, நா வறள்கிறது. நேற்றுவரை தயக்கமின்றிப் பாடிய பல்லவியின் முதற்சொல் எதுவென மனம் தேடுகிறது. பள்ளி ஆண்டுவிழாவில் முதன்முறையாகப் பாடும் மாணவருக்கும், பல மேடைகள் கண்ட கலைஞருக்கும் இந்நிலை நேரலாம். இதனை மேடையச்சம் என்பர்.

அவைக்கு அஞ்சுதல் இக்காலத்தில் தோன்றிய சிக்கலன்று. கற்றோர் அவையில் சொல்லாடும் திறம் குறித்து அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களைத் திருவள்ளுவர் பொருட்பாலில் அமைத்துள்ளார். கற்ற கல்வி அவையின் நடுவே பயன்படாமற்போவதால் நேரும் இழப்பை அவையஞ்சாமை அதிகாரம் அழுத்தமாக உணர்த்துகிறது. சொல்லுக்கு நேரும் அவ்விழப்பு இசைக்கும் நேர்கிறது.

மேடையச்சத்தோடு பிறந்த மற்றொன்று உண்டு. அது தன்னைத்தானே பழித்தல். மேடையச்சம் நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர் தோன்றி, நிகழ்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். தன்னைப் பழித்தலோ நிகழ்ச்சி முடிந்த பின்னும் உடன் வருகிறது. அவையோர் கைதட்டிச் சென்ற பிறகும், நழுவிய ஒரு சுரத்தையே அது திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது. ‘இந்தச் சுரம் பிழையாயிற்று’ என்று தொடங்கி, ‘எனக்கு இசையே வராது’ என்று தீர்ப்பளித்து முடிக்கிறது. அத்தீர்ப்பின் நினைவு அடுத்த மேடைக்கான அச்சத்தை மேலும் பெருக்குகிறது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் இவ்விரண்டும் சேர்ந்து, திறன்மிக்க பலரை இசையிலிருந்தே விலக்கிவிடக்கூடும்.

உடல் செய்யும் வேலை

அச்சம் மனத்தில் தோன்றினாலும் அதன் அடையாளங்கள் உடலில் வெளிப்படுகின்றன. ஆபத்து நெருங்குவதாக மூளை உணர்ந்தவுடன் பரிவு நரம்பு மண்டலம் விழிப்படைகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. தோலுக்குச் செல்லும் குருதி குறைந்து, பெருந்தசைகளுக்குச் செல்லும் குருதி மிகுகிறது. எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் இவ்வாறு ஆயத்தமாவதை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் விளக்கினார்.

புலியைக் கண்டு ஓடுபவருக்கு இம்மாற்றங்கள் உயிர்காக்கும் துணை. வீணையை மீட்டுபவருக்கோ இவை இடையூறு. தோலுக்குச் செல்லும் குருதி குறைவதால் விரல்கள் சில்லிட்டு, நுண்ணிய கமகங்களுக்கு இணங்க மறுக்கின்றன. மூச்சு மேலோட்டமாவதால் பாடகரால் நீண்ட சொற்றொடரை ஒரே மூச்சில் பாட முடிவதில்லை. வாய் உலர்வதால் குழலிசைப்பவரின் உதடு துளையோடு சரிவரப் பொருந்துவதில்லை. வயலின் கலைஞரின் கை நடுங்கினால் அந்நடுக்கம் வில் வழியே ஒலியிலும் கலக்கிறது.

கவனமும் திசைமாறுகிறது. நன்கு பயின்ற இசை, கலைஞர் ஒவ்வோர் அசைவையும் எண்ணிப் பார்க்காமலேயே வெளிப்படும். அச்சமுற்ற மனமோ ஒவ்வொரு விரலையும் மேற்பார்வையிட முற்படுகிறது. படியிறங்கும்போது எந்தக் காலை எப்படி வைப்பது என்று எண்ணத் தொடங்குபவர் தடுமாறுவது போலவே, அவ்வாறு எண்ணும் கலைஞரும் தடுமாறுகிறார்.

இவற்றை அறிந்துகொள்வதால் விளையும் பயன் பெரிது. நடுக்கமும் வியர்வையும் திறமையின்மைக்குச் சான்றுகள் அல்ல. முதன்மையான ஒரு செயலை எதிர்கொள்ள உடல் ஆயத்தமாவதன் அடையாளங்கள். இவ்வுண்மையை உணராதவர், அச்சத்தைக் கண்டு மேலும் அஞ்சுகிறார்.

ஓசையற்ற ஆண்டுகள்

தன்னைப் பழித்தல் ஒரு கலைஞரை எந்த அளவுக்கு முடக்கும் என்பதற்கு, உருசிய நாட்டு இசையமைப்பாளர் செர்கேய் ரக்மானினோவின் வாழ்க்கை சான்றாகிறது. 1873இல் பிறந்த அவர், 1892இல் மாஸ்கோ இசைக்கல்லூரியில் பொற்பதக்கம் பெற்றுத் தேர்ந்தார். மாணவராக இருந்தபோதே அவர் இயற்றிய ‘அலெக்கோ’ என்னும் இசைநாடகத்தைப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் சைக்காவ்ஸ்கி பாராட்டினார். பெரும் எதிர்காலம் அவருக்காகக் காத்திருப்பதாக அனைவரும் நம்பினர்.

1895இல் ரக்மானினோவ் தம் முதல் சிம்பொனியை இயற்றினார். பெரிய இசைக்குழு முழுவதும் சேர்ந்து, பல பகுதிகளாக இசைக்கும் மேலைநாட்டு இசைவடிவமே சிம்பொனி. 1897 மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அது முதன்முதலாக அரங்கேறியது. போதிய ஒத்திகை நடைபெறவில்லை. இசைக்குழுவை வழிநடத்தியவரும் அப்படைப்பின் உயிரோட்டத்தை வெளிக்கொணரவில்லை. நிகழ்ச்சி பெருந்தோல்வியில் முடிந்தது. அரங்கினுள் அமர்ந்து கேட்கப் பொறாமல், இளம் இசையமைப்பாளர் படிக்கட்டில் ஒதுங்கி நின்றதாகக் கூறுவர். இசையமைப்பாளரும் இதழ்களில் திறனாய்வு எழுதி வந்தவருமான சேசர் குய், நரகத்தில் ஓர் இசைக்கல்லூரி இருந்தால் அங்குள்ளோர் இதனைக் கேட்டு மகிழ்வர் என்ற பொருளில் எள்ளி எழுதினார்.

பிறர் கூறிய பழிச்சொல்லே அவரை வீழ்த்தியதாக எண்ணத் தோன்றும். ஆனால், சில வாரங்களுக்குப் பின் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் ரக்மானினோவ் வேறொரு காரணத்தைக் குறிப்பிட்டார். இதழ்களின் கண்டனம் தம்மை வருத்தவில்லை என்றும், தாம் பெரிதும் நேசித்த சிம்பொனி முதல் ஒத்திகைக்குப் பின் தமக்கே பிடிக்காமற்போனதுதான் தம்மை வாட்டுகிறது என்றும் எழுதினார். வெளியிலிருந்து வந்த கண்டனத்தைத் தாங்கிய உள்ளம், உள்ளிருந்து எழுந்த கண்டனத்தைத் தாங்கவில்லை.

அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் பெரிய படைப்பு எதனையும் இயற்றவில்லை. இசைநாடகக் குழு ஒன்றை வழிநடத்தினார், பியானோ வாசித்தார், ஆயினும் எழுத அமர்ந்தால் இசை பிறக்கவில்லை. அவரைத் தேற்றக் கருதிய அன்பர்கள், எழுத்தாளர் டால்ஸ்டாயைச் சந்திக்க ஏற்பாடு செய்தனர். அப்பேரறிஞர் தம் இசையைக் கேட்டுக் கூறிய சொற்கள் ரக்மானினோவின் சோர்வை மேலும் மிகுதியாக்கின.

தெரியுமா?

தோல்வியுற்ற முதல் சிம்பொனியை ரக்மானினோவ் தம் வாழ்நாளில் மீண்டும் அரங்கேற்ற விடவில்லை. 1917இல் உருசியாவை விட்டு அவர் வெளியேறியபோது அதன் கையெழுத்துப்படி அங்கேயே தங்கிப் பின்னர்க் காணாமற்போயிற்று. 1943இல் அவர் மறைந்தார். அதன்பின் லெனின்கிராடு நகரில், இசைக்குழுவினர் பயன்படுத்திய தாள்கள் கிடைத்தன. அவற்றைக்கொண்டு படைப்பு மீட்டெடுக்கப்பட்டு, 1945 அக்டோபரில் மாஸ்கோவில் இசைக்கப்பட்டது. நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஒலிக்காதிருந்த அச்சிம்பொனி இன்று பல நாட்டு மேடைகளில் ஒலிக்கிறது. அதன் வெற்றியைக் காண அதனைப் படைத்தவர் இல்லை.

மீட்சி

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரக்மானினோவ், மாஸ்கோவைச் சேர்ந்த நிக்கலாய் டால் என்னும் மருத்துவரை நாடினார். டால் இசையார்வம் மிக்கவர். தாமே இசைக்கருவி வாசிப்பவர். நான்கு மாத காலம் சந்திப்புகள் தொடர்ந்தன. சாய்வு நாற்காலியில் அரைத் துயிலில் இருந்த இசையமைப்பாளரிடம், அவர் தம் கான்செர்ட்டோவை எழுதத் தொடங்குவார், எளிதாக எழுதுவார், அது சிறப்பாக அமையும் என்னும் கருத்தையே மருத்துவர் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார். தனிக்கருவி ஒன்று இசைக்குழுவோடு இணைந்தும் எதிரொலித்தும் இசைக்கும் வடிவமே கான்செர்ட்டோ. இருவரும் இசை குறித்து நெடுநேரம் உரையாடியதாகவும் கூறுவர்.

அந்தச் சிகிச்சையில் எது பயன்தந்தது என்று வரையறுத்துச் சொல்லுதல் எளிதன்று. ஆயினும் ஒன்று தெளிவு. மூன்று ஆண்டுகளாகத் தம் உள்ளத்தில் ஒரே பழிச்சொல்லைக் கேட்டுவந்தவருக்கு, அக்கறையுள்ள மற்றொரு குரல் நாள்தோறும் கேட்டது. அக்குரல் அவர் வாழ்க்கை முழுவதையும் எடைபோடவில்லை. அடுத்துச் செய்ய வேண்டிய ஒரு வேலையை மட்டுமே சுட்டிக்காட்டியது.

அவ்வாண்டிலேயே இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளை அவர் எழுதி முடித்தார்; டிசம்பரில் தாமே பியானோவில் அமர்ந்து அவற்றை அரங்கேற்றினார். முதற்பகுதியையும் எழுதி, 1901இல் மாஸ்கோவில் முழுப்படைப்பையும் இசைத்தார். மெல்லிய மணியோசைபோல் பியானோவில் தனித்துத் தொடங்கிப் படிப்படியாக வலுப்பெறும் அப்படைப்பு, உலகில் பெரிதும் விரும்பிக் கேட்கப்படும் கான்செர்ட்டோக்களுள் ஒன்றாக விளங்குகிறது. அதனை அவர் மருத்துவர் டாலுக்குக் காணிக்கையாக்கினார்.

இதனால் அவருடைய தன்னைப் பழிக்கும் இயல்பு முற்றிலும் அகன்றுவிட்டதாகக் கொள்ளலாகாது. முழுப்படைப்பின் அரங்கேற்றத்துக்குச் சில நாள்களே இருந்தபோது, முதற்பகுதியின் அமைப்பே தவறு என்று கலங்கி நண்பருக்கு மடல் எழுதினார். ஆயினும் குறித்த நாளில் மேடையேறி வாசித்தார். 1897க்கும் 1901க்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் இதுவே: ஐயம் மறையவில்லை, ஐயத்தோடு மேடையேறும் துணிவு பிறந்தது.

புகழின் உச்சியை அடைந்த பின்னரும் அவர் செவி அவையோரின் இருமலைக் கணக்கிட்டது. 1931இல் இருபது மாறுபாடுகளைக் கொண்ட பியானோப் படைப்பு ஒன்றை அவர் இயற்றினார். அதனை வாசிக்கும்போது அவையில் இருமல் மிகுந்தால் அடுத்த மாறுபாட்டை விட்டுவிடுவதாக நண்பர் மெட்னருக்கு எழுதினார். ஒரு சிற்றூரில் இருபதில் பத்தை மட்டுமே வாசிக்க முடிந்ததாம். நியூயார்க்கில் பதினெட்டு வரை சென்றாராம். நகைச்சுவையாக எழுதப்பட்ட இச்செய்தியில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. தன்னைப் பழிக்கும் மனம், குளிரால் எழும் இருமலைக்கூடத் தன் இசைமீது வழங்கப்பட்ட தீர்ப்பாகவே கேட்கிறது.

அகலாத அச்சம்

தன்னைப் பழித்தலை ரக்மானினோவிடம் கண்டது போல, மேடையச்சத்தைப் பாப்லோ கசால்ஸ் வாழ்வில் காணலாம். 1876இல் ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியில் பிறந்த அவர், 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த செல்லோக் கலைஞராகப் போற்றப்படுகிறார். வயலினின் குடும்பத்தைச் சேர்ந்த, உருவில் பெரிய, ஆழ்ந்த ஒலியுடைய நரம்புக்கருவியே செல்லோ.

சிறுவயதில் பார்சலோனாவில் நடந்த தம் தொடக்ககால நிகழ்ச்சி ஒன்றின்போது, வாசிக்கவேண்டிய இசையின் தொடக்கமே மறந்துவிட்டதாகத் தந்தையிடம் கலங்கிக் கூறியதைக் கசால்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். எண்ணற்ற மேடைகளைக் கண்ட பின்னரும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் அதே அச்சம் தம்மைப் பற்றியதாக அவர் ஒப்புக்கொண்டார். 1901இல் அமெரிக்காவில் மலையேறியபோது பாறை ஒன்று உருண்டு அவருடைய இடக்கை விரல்களை நசுக்கியது. அந்நொடியில், இனிச் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்னும் நிம்மதியே தம் உள்ளத்தில் முதலில் தோன்றியதாக அவர் கூறியுள்ளார். உயிரினும் மேலாக இசையை நேசித்த ஒருவருக்கும் மேடை அத்துணைச் சுமையாக இருந்திருக்கிறது. கை குணமானதும் அவர் மீண்டும் மேடைக்கே திரும்பினார்.

வியன்னா நகரில் முதன்முறையாக வாசிக்க அமர்ந்தபோது அவர் கை இறுகிப்போயிற்று. அதனைத் தளர்த்த வில்லைச் சுழற்றினார். வில் கைநழுவிப் பறந்து அவையோர் நடுவே விழுந்தது. எந்தக் கலைஞரும் கனவிலும் அஞ்சும் நிகழ்ச்சி இது. அவையில் எவரும் நகைக்கவில்லை. வில் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, அமைதியாக மேடைக்குத் திரும்பி வந்தது. அது வந்து சேர்வதற்குள் அவருடைய பதற்றம் தணிந்துவிட்டது. தம்மை எடைபோட வந்த கூட்டமாக அவர் அஞ்சிய அவை, வில்லைப் பத்திரமாக எடுத்துத் தரும் அவையாக இருந்தது.

கசால்ஸ் அச்சத்தை வென்றார் என்பதைவிட, அச்சத்தோடு வாசித்தார் என்பதே பொருந்தும். தம் பதின்மூன்றாம் அகவையில் கடை ஒன்றில் கண்டெடுத்த பாக்கின் செல்லோ இசைத்தொகுப்புகளைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயின்ற பின்னரே அவர் பொதுமேடையில் வாசித்தார். 1971இல், தொண்ணூற்று நான்காம் அகவையில், ஐக்கிய நாடுகள் அவையில் தம் தாய்நாட்டு நாட்டுப்புறப் பாடல் ஒன்றைச் செல்லோவில் இசைத்தார்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய உளவியலாளர்கள் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பேசுவோர் தம் பதற்றம் அவையோருக்கு அப்படியே தெரிவதாக எண்ணுகின்றனர். உண்மையில் அது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. இவ்வுண்மையை முன்கூட்டியே அறிந்துகொண்டவர்கள் அறியாதவர்களைவிட நன்றாகப் பேசினர்.

2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ், பாடுவதற்கு முன் சிலரை ‘நான் பதற்றமாக இருக்கிறேன்’ என்றும், வேறு சிலரை ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்றும் சொல்லச் செய்தார். உற்சாகம் என்று சொன்னவர்களே பிழை குறைவாகப் பாடினர். விரைந்து துடிக்கும் இதயம் இரு நிலைக்கும் பொதுவானது. அதற்குச் சூட்டும் பெயர், பாடும் பாட்டையே மாற்றிவிடுகிறது.

திருத்தமும் பழிப்பும்

குறையைக் காணும் செவியின்றி எவரும் இசைக்கலைஞராக முடியாது. சுருதி விலகுவதை உணர்பவரே சுருதி சேர முடியும். ஆதலால் குறைகாணுதலைக் கைவிடுதல் தீர்வாகாது. அதற்கு உரிய இடத்தையும் உரிய முறையையும் வகுத்துக்கொள்வதே தீர்வு.

அதற்குரிய இடம் பயிற்சியறை. மெதுவான காலத்தில் வாசித்தல், கடினமான பகுதியைத் தனியே பிரித்துப் பயிலுதல், ஒலிப்பதிவு செய்து கேட்டல் ஆகியன அங்கே நிகழவேண்டியவை. ஒலிப்பதிவை வாசித்தவுடன் கேட்பதைவிட, மறுநாள் அமைதியாகக் கேட்பது நன்று; ஒரு நாள் கடந்தால் தன் இசையைப் பிறர் இசைபோல் கேட்க முடியும். மேடையிலோ செவி முழுவதும் இசையின் பக்கம் திரும்ப வேண்டும். பாடிக்கொண்டிருக்கும் வரியை விட்டு, பாடி முடித்த வரியின் பிழையை ஆராயும் கலைஞர், அடுத்த வரியையும் இழக்கிறார்.

உரிய முறை என்பது, ஒலியைக் குறித்துப் பேசி ஆளைக் குறித்துப் பேசாதிருத்தல். ‘மேல்காலத்தில் மூன்றாம் சங்கதி விரைகிறது’ என்பது திருத்தம். அது நாளைய பயிற்சிக்கு ஒரு வேலையைத் தருகிறது. ‘எனக்கு லயமே இல்லை’ என்பது பழிப்பு; அது எந்த வேலையையும் தருவதில்லை. தம் மாணவர் ஒருவர் தடுமாறினால் எந்த நல்லாசிரியரும் அவரை இகழமாட்டார். பிழை எங்குள்ளது எனக் காட்டி, மீண்டும் பாடச் சொல்வார். அதே பரிவைக் கலைஞர் தமக்குத் தாமும் காட்டுதல் வேண்டும். பரிவு என்பது பிழையை மறைத்தலன்று. பிழையைத் திருத்தும் வலிமையைக் காத்துக்கொள்ளுதல்.

மேடைக்கான ஆயத்தம்

மேடையில் நிகழ்வதை மேடைக்கு வெளியே பழகுவதே சிறந்த ஆயத்தம். முதலில் வீட்டாரிடம் பாடிக்காட்டலாம், அடுத்து நண்பர்கள் சிலரிடம், பின்னர் வகுப்பறையில். இவ்வாறு அவை சிறிதுசிறிதாகப் பெரிதாகும்போது அச்சமும் பழகிப்போகிறது. பாடலைத் தொடக்கத்திலிருந்து மட்டுமே பாடப் பழகியவர், நடுவே தடுமாறினால் மீண்டும் தொடக்கத்துக்கே செல்ல நேரும். அனுபல்லவி, சரணம் எனப் பல இடங்களிலிருந்து தொடங்கப் பழகியவருக்கு, எங்கே தடுக்கினாலும் அருகிலேயே ஊன்றுகோல் கிடைக்கும். மேடையேறுமுன் மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதைவிட மெதுவாக வெளிவிடுதல் உடலின் பரபரப்பைத் தணிக்கும்.

தமிழகக் கச்சேரி மரபிலும் இதற்கு உதவும் கூறுகள் உள்ளன. கச்சேரியைப் பெரும்பாலும் வர்ணத்தில் தொடங்குவர். நன்கு பயின்ற அவ்வுருப்படி குரலையும் கையையும் மனத்தையும் பதப்படுத்துகிறது. தம்புராவின் சுருதி ஓயாது துணைநிற்கிறது. வயலின் பாடகரைப் பின்தொடர்கிறது. மிருதங்கம் தாளத்தைத் தாங்குகிறது. பாடகர் ஓரிடத்தில் தடுமாறினாலும் தாளம் நிற்பதில்லை. அடுத்த எடுப்பில் அவர் மீண்டும் இணைந்துகொள்ள வழி திறந்தே இருக்கிறது.

இது பழைய மரபின் தொடர்ச்சியே. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறியதைக் கூறுகிறது. அவளை மட்டும் பாடி அக்காதை அமையவில்லை. ஆடலாசிரியர், இசையாசிரியர், கவிஞர், தண்ணுமை ஆசிரியர், குழலாசிரியர், யாழாசிரியர் ஆகியோரின் இலக்கணங்களையும், அரங்கின் அளவுகளையும் அது விரித்துரைக்கிறது. அரங்கேற்றம் தனியொருவர் எதிர்கொள்ளும் விசாரணை அன்று. பலர் சேர்ந்து தாங்கும் விழா என்பதை இளங்கோவடிகளின் அமைப்பு உணர்த்துகிறது.

அச்சம் அளவு கடந்து உறக்கம், உணவு, கல்வி ஆகியவற்றையே பாதிக்குமாயின், அதனை மறைத்துத் தனியே துன்புறுதல் கூடாது. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனம்விட்டுப் பேசி, உரிய மருத்துவரின் உதவியைப் பெறவேண்டும். படபடப்பைக் குறைக்கும் மருந்துகளை மருத்துவரின் அறிவுரையின்றி உட்கொள்ளுதல் தீங்கு விளைவிக்கும். ரக்மானினோவ் மருத்துவர் ஒருவரை நாடியதால்தான் உலகுக்கு ஓர் அரிய இசை கிடைத்தது.

இசைக்கு இடம் தருதல்

அவையில் அமர்ந்திருப்போர் பிழைகளை எண்ணுவதற்காக வந்தவர்கள் அல்லர். நாள் முழுதும் உழைத்துக் களைத்தவரும், துயரொன்றைச் சற்றே மறக்க விரும்புபவரும், தாம் இளமையில் கேட்ட பாடலை மீண்டும் கேட்க வந்தவரும் அவர்களுள் உள்ளனர். அவர்களுக்குத் தர ஒரு பாடல் தன்னிடம் இருக்கிறது என்று எண்ணும் கலைஞரின் கவனம், தன்னிடமிருந்து பாடலுக்கு நகர்கிறது. ‘நான் எப்படித் தோன்றுகிறேன்’ என்னும் வினா, ‘இந்த வரி எப்படி ஒலிக்க வேண்டும்’ என்னும் வினாவாக மாறுகிறது. முதல் வினாவுக்கு மேடையில் விடை கிடைப்பதில்லை. இரண்டாம் வினாவுக்கான விடையை அவர் பல நாள் பயின்று வைத்திருக்கிறார்.

திரை விலகும் நேரத்தில் விரல்கள் அப்போதும் சில்லிட்டிருக்கலாம். கசால்ஸுக்கு வாழ்நாள் முழுதும் அவ்வச்சம் தொடர்ந்தது. அதற்காக அவர் செல்லோவை மூடிவைக்கவில்லை. சுருதி சேர்ந்திருக்கிறது, பக்கத்தில் துணைக்கருவிகள் காத்திருக்கின்றன. கலைஞர் செய்ய வேண்டியது, முதல் சுரத்தைத் தொடங்குவது.

சொல்லும் பொருளும்

அகவை – வயது
எள்ளி – இகழ்ந்து நகைத்து
தண்ணுமை – தோற்கருவி வகைகளுள் ஒன்று
உருப்படி – கச்சேரியில் பாடப்பெறும் இசைப்படைப்பு
சங்கதி – ஒரு பாடல்வரியைப் படிப்படியாக வளர்த்துப் பாடும் முறை
எடுப்பு – தாளத்தில் பாடல் தொடங்கும் இடம்

கற்பவை கற்றபின்

1. பாடல், பேச்சு, நடிப்பு ஆகியவற்றுள் ஒன்றை அவையோர் முன் நிகழ்த்திய பட்டறிவை வகுப்பில் பகிர்ந்துகொள்க. நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் தோன்றிய எண்ணங்களைத் திருத்தம், பழிப்பு என இரு பிரிவாகப் பட்டியலிடுக.

2. உங்கள் ஊரில் உள்ள இசைக்கலைஞர், தெருக்கூத்துக் கலைஞர் அல்லது நாகசுரக் கலைஞர் ஒருவரைச் சந்தித்து, முதல் மேடை குறித்து நேர்காணல் நிகழ்த்தி எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ரக்மானினோவ் தம் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை யாருக்குக் காணிக்கையாக்கினார்?
அ) டால்ஸ்டாய்
ஆ) சைக்காவ்ஸ்கி
இ) நிக்கலாய் டால்
ஈ) மெட்னர்

2. பொருந்தாததைத் தேர்க.
அ) சுருதி விலகிய இடத்தைக் குறித்துக்கொள்ளுதல்
ஆ) ஒலிப்பதிவை மறுநாள் கேட்டல்
இ) கடினமான பகுதியைத் தனியே பயிலுதல்
ஈ) தனக்கு இசை வராது என முடிவுசெய்தல்

குறுவினா

1. மேடையச்சத்தின்போது விரல்கள் சில்லிடுவதற்குக் காரணம் யாது?
2. பாடலைப் பல இடங்களிலிருந்து தொடங்கப் பழகுவதன் பயனைக் கூறுக.

சிறுவினா

1. வியன்னா நிகழ்ச்சி கசால்ஸுக்கு உணர்த்தியதாக நீங்கள் கருதுவதை எழுதுக.
2. ‘ஐயம் மறையவில்லை, ஐயத்தோடு மேடையேறும் துணிவு பிறந்தது’ – இக்கூற்றை ரக்மானினோவின் வாழ்க்கை நிகழ்வுகள் கொண்டு விளக்குக.

நெடுவினா

1. குறைகாணும் செவி கலைஞருக்கு எப்போது துணையாகிறது, எப்போது தடையாகிறது என்பதைப் பாடப்பகுதிவழி நின்று கட்டுரையாக்குக.